கரும்புக்குப் போட்ட ரயில்

லௌதோக்கா நகரத்தின் பிரதான கடைவீதிக்கு விதோங்கோ பரேட் என்று பெயர். துணிக்கடைகள், வங்கிகள், மசாலா மணக்கும் சாப்பாட்டுக் கடைகள், அவற்றோடு வரிசையாக உயர்ந்து நிற்கும் ராஜபனைகள். அந்தப் பனைகளை ஒட்டி, புல்லில் பாதி புதைந்தபடி, இரண்டடி அகலத்தில் ஒரு தண்டவாளம் போகிறது. அறுவடைக் காலத்தில் அதில் ரயில் வரும். முன்னால் ஒரு சின்ன டீசல் எஞ்சின், பின்னால் கரும்பு குவித்த வண்டிகள், கண்ணுக்கு எட்டும் வரை. எட்டி நடந்தால் கூடவே போய்விடலாம், அந்த வேகம்தான். ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதில்லை. கடைவீதிக்காரர்கள் அதைக் காதில் வாங்குவதுமில்லை. பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பையன் ஓடுகிற வண்டியிலிருந்து ஒரு கழியை உருவிக்கொண்டு போனான். யாரும் அதட்டவில்லை.

பிஜிக்குப் போகிறவர்கள் கடலுக்காகத்தான் போகிறார்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் படகேற்றி ஏதாவதொரு குட்டித் தீவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். பெரிய தீவான வித்தி லேவுவில் கரும்பு விளைவதே தெரியாமல் ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. நான் இந்த ரயிலைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று விடுதி வரவேற்பில் சொன்னதும் அங்கிருந்த பெண் சிரித்துவிட்டாள். அதில் பார்க்க என்ன இருக்கிறது, ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும், ஆபீசுக்கு நேரமாகும், அவ்வளவுதானே என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குயின்ஸ் ரோடு நெடுக இந்தத் தடம் சாலையை வெட்டி வெட்டிப் போகிறது. கொடி பிடித்த ஆள் குறுக்கே வந்து நின்றால் பஸ்ஸும் காரும் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

தண்டவாளத்தின் அகலம் 610 மில்லிமீட்டர். நம் ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், இதைவிட அகலம். டார்ஜிலிங் ரயில்தான் இந்த அளவு. பிஜியில் சுமார் 600 கிலோமீட்டருக்கு இந்த ஒல்லித் தடம் கிடக்கிறது. ஜூனில் ஆலை அரவை தொடங்கினால் நவம்பர், டிசம்பர் வரை வண்டிகள் ஓடும். மற்ற மாதங்களில் தடத்தின்மேல் ஆடு மேயும்.

ஏன் இவ்வளவு சின்ன தடம்? பதில் கரும்பிலேயே இருக்கிறது. பத்து டன் கரும்பை அரைத்தால் ஏறக்குறைய ஒரு டன் சர்க்கரை வரும். மீதி நீரும் சக்கையும் கழிவுப்பாகும்தான். அவ்வளவையும் ஆலை வாசல் வரை சுமந்தாக வேண்டும், அதுவும் சீக்கிரமாக. வெட்டிப் போட்ட கரும்பில் மறுநாளிலிருந்தே சர்க்கரைச் சத்து இறங்க ஆரம்பித்துவிடும். பாரம் அதிகம், விலை குறைவு, காத்திருக்கவும் முடியாது. இப்படிப்பட்ட சரக்குக்குப் பெரிய ரயில் போட்டால் கட்டுப்படியாகாது. இரண்டடித் தடத்துக்கு மெல்லிய இரும்பு போதும். பாலமும் மண்மேடும் சின்னதாக இருந்தால் போதும். கூர்மையான வளைவில்கூடத் திரும்பும். நாலு பேர் சேர்ந்தால் ஒரு துண்டுத் தடத்தை அப்படியே தூக்கி வயலுக்குள் போட்டுவிடலாம். ரயில் நிலையத்துக்குக் கரும்பைக் கொண்டுபோகிற வேலையே இல்லை. ரயில் கரும்பிருக்கும் இடத்துக்கு வந்துவிடும்.

இதைப் போட்டது சிட்னியின் கொலோனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி. பிஜியில் இன்றும் பெரியவர்கள் சி.எஸ்.ஆர். என்றுதான் சொல்கிறார்கள். 1882இல் நௌசோரியில் ஆலை, 1886இல் ம்பா ஊருக்குப் பக்கத்தில் ரராவாய், 1894இல் வனுவா லேவு தீவின் லம்பாசா, 1903இல் லௌதோக்கா. கடைசி ஆண்டைக் கவனிக்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து 1879இல் லியோனிடாஸ் என்ற முதல் கப்பல் வந்தது முதல் கூலியாட்கள் வடக்கிலிருந்தே வந்துகொண்டிருந்தார்கள். சென்னையில் ஆள் பிடிக்கத் தொடங்கியதும் அதே 1903இல்தான். 1916இல் கப்பல்கள் நிற்கும் வரை வந்த 60,000க்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள்: தமிழர், தெலுங்கர், மலையாளிகள். பிஜியில் எல்லோருக்கும் ஒரே பெயர், மதராசி.

ஐந்து வருட ஒப்பந்தம், அதுதான் கிர்மிட். பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்று பாடியது இந்தத் தீவின் பெண்களைத்தான். பாட்டைப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே வருகிற தமிழனுக்கு லௌதோக்காவின் கரும்பு ரயில் வெறும் வேடிக்கையாக இருக்க வழியில்லை. புதர் வெட்டி, மண் கொட்டி, இரும்பு சுமந்து தடம் போட்ட கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன. பாதிரியார் சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1915இல் நேரில் வந்து பார்த்து எழுதிய அறிக்கை இந்தியாவில் கொதிப்பை உண்டாக்கியது. 1920 ஜனவரி முதல் தேதியோடு மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

அதற்குப் பிறகு கம்பெனி செய்ததைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டாயக் கூலி போய்விட்டது. சொந்தத் தோட்டம் நடத்தினால் நஷ்டம். ஆகவே தோட்டங்களைப் பத்துப் பத்து ஏக்கராகத் துண்டு போட்டுப் பழைய கூலிகளுக்கே குத்தகைக்கு விட்டது. மழையும் புயலும் கடனும் குடியானவன் தலையில், ஆலையும் தடமும் கம்பெனி கையில். வேறு யாருக்கும் கரும்பை விற்க வழி கிடையாது, வேறு எதிலும் ஏற்றவும் வழி கிடையாது. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாலே இந்த ஏற்பாடு தெரியும். ஒவ்வொரு பத்து ஏக்கரிலும் ஒரு தகரக் கூரை வீடு, வாசலில் சிவப்புக் கொடியோ துளசி மாடமோ. நம்மூர் போல வீடுகள் கூடிய ஊர் என்று ஒன்று கண்ணில் படாது. குடும்பங்கள் தடத்தைப் பார்த்துச் சிதறிக் கிடக்கின்றன.

பஸ் என்றதும் சொல்லத் தோன்றுகிறது: பிஜியின் உள்ளூர் பஸ்களில் பலவற்றுக்கு ஜன்னல் கண்ணாடியே இல்லை. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள். பழைய இந்திப் பாட்டு அலறும். லௌதோக்காவிலிருந்து நாந்திக்கு வரும்போது கரும்புத் தோகை முகத்தில் உரசாத குறை. எங்கோ பாகு காய்ச்சுகிற வாசனை கூடவே வரும்.

நாந்தியில் சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. இப்போதுள்ள கோபுரமும் வண்ணச் சிற்பங்களும் 1994இல் எழுந்தவை; இந்தியாவிலிருந்து ஸ்தபதிகள் வந்து செய்தவை. சுற்றுலாக்காரர்கள் டிக்கெட் வாங்கி, முழங்காலை மறைக்க வேட்டி சுற்றிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். இந்தக் கோயிலைக் கரும்பைத் தள்ளிவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. இதை நடத்துவது 1926இல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம். அந்தச் சங்கம் கரும்புக்காரர்களின் காசில் பள்ளிக்கூடங்களை நடத்தியது. அவர்கள் அழைத்ததன் பேரில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகள் வந்தார்கள். அவர்களில் ஒருவரான சுவாமி ருத்ரானந்தா, வழக்கறிஞர் ஏ.டி. பட்டேலுடன் சேர்ந்து 1941இல் மகா சங்கம் என்ற கரும்பு விவசாயிகள் அமைப்பைக் கட்டினார். 1943 வேலைநிறுத்தத்தில் வெட்டாத கரும்பு வயலில் நின்று காய்ந்தது. காவி கட்டியவர் கரும்பு விலைக்காகக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றது வெள்ளைக்காரர்களுக்குப் புரியவே இல்லை. கோயில் பிராகாரத்தில் நின்றால் நமக்குப் புரிகிறது.

கம்பெனியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அது இலவச ரயில். குடியேற்ற அரசோடு இருந்த ஏற்பாட்டின்படி இந்தக் கரும்புத் தடத்தில் குறிப்பிட்ட நாட்களில் பயணிகள் வண்டி ஓடியது. டிக்கெட் கிடையாது. கூரை போட்ட, பக்கம் திறந்த பெட்டிகள், மரப் பெஞ்சு. ரராவாயிலிருந்து தெற்கே சிங்கதோக்கா பக்கம் வரை போகும். சாலை சரியில்லாத காலத்தில் மேற்குக் கரை மக்களுக்கு அதுதான் போக்குவரத்து. மூட்டை முடிச்சு, கோழிக் கூடை, பிள்ளைத்தாய்ச்சிப் பெண், பஞ்சாயத்துக்குப் போகிறவர் எல்லோரும் அதில் ஏறினார்கள். 1970களில் அது நின்றுபோனது. எழுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அநேகமாக அது கல்யாணத்துக்குப் போன கதையாகவே இருக்கிறது.

தெற்கே, பவளக் கரையில், பழைய தடத்தில் இப்போது வேறு வண்டி ஓடுகிறது. துவு அருகே கைவிடப்பட்ட கரும்புப் பாதையில் மின்சார மோட்டார் வைத்த மிதிவண்டிகளைத் தண்டவாளத்தில் ஏற்றி ஓட விட்டிருக்கிறார்கள். தலைக்கவசம் மாட்டிய ஆஸ்திரேலியக் குடும்பங்கள் கிராமங்களுக்கு நடுவே, தென்னைகளுக்கு இடையே மிதித்துப் போகின்றன. நானும் மிதித்தேன், நன்றாகத்தான் இருந்தது. குழந்தைகள் கை நீட்டி "புலா" என்று கத்தி வணக்கம் சொல்கிறார்கள். கடல் ஒருபக்கம் வந்து வந்து போகிறது. ஆனால் ஒரு பாலத்தைத் தாண்டும்போது இருபுறமும் தரிசாகக் கிடந்த வயல்களைப் பார்த்ததும் மகிழ்ச்சி குறைந்தது. சுற்றுலா இங்கே தடத்தைக் காப்பாற்றியிருக்கிறது. கரும்பைக் காப்பாற்றவில்லை.

ரயில் பித்தர்கள் என்றொரு கூட்டம் உண்டு. உலகம் முழுக்க இப்படிப்பட்ட தோட்ட ரயில்களைத் தேடிப் போகிறவர்கள். ஜாவாவின் சர்க்கரை ஆலைகளுக்கு நீராவி எஞ்சினுக்காகப் போவார்கள், குவீன்ஸ்லாந்தில் கரும்பு ரயில் எண்களைக் குறித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பார்கள். பிஜி அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இங்கே நீராவி எப்போதோ ஓய்ந்துவிட்டது. கிளைட், பால்ட்வின் போன்ற ஆஸ்திரேலிய டீசல்கள்தான் இழுக்கின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1912இல் ஹட்ஸ்வெல் கிளார்க் செய்து இங்கே அனுப்பிய ஒரு நீராவி எஞ்சினை மீட்டு, பளபளவென்று ஆக்கி, ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு தனியார் தடத்தில் ஓட விடுகிறார்கள். அதன் பெயரே 'பிஜி'. எஞ்சினுக்கு இப்படித் தாய்வீடு திரும்பும் யோகம் வாய்த்தது. அது இழுத்த கரும்பை வெட்டியவர்களில் பலருக்கு வாய்க்கவில்லை.

எனக்கு எஞ்சினைவிட, வண்டியில் கரும்பு ஏற்றும் இடத்தையே பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக லௌதோக்காவிலிருந்து கிங்ஸ் ரோடு வழியாக ம்பாவுக்குப் போனேன். ரராவாய் ஆலைப் புகைபோக்கி ஊருக்குள் நுழையும் முன்பே தெரிந்துவிடுகிறது. சந்தையில் வாங்கிய ரொட்டிப் பொட்டலம் (உள்ளே உருளைக்கிழங்கு, கத்தரிக்காய்) கையில் இருந்தது. ஊரைத் தாண்டிய ஒரு குறுக்குப் பாதையில், மெயின் லைனிலிருந்து ஒரு கிளைத்தடம் வயலுக்குள் நுழையும் இடத்தில் வெட்டுக் கூட்டம் வேலை செய்துகொண்டிருந்தது.

தற்காலிகத் தடத்தை அங்கே போர்ட்டபிள் லைன் என்கிறார்கள். இரும்புக் குறுக்குச் சட்டங்களோடு சேர்ந்த துண்டுகள், ஏணியைப் படுக்க வைத்தது போல. வெட்டு முடிந்த பாத்திக்கு நேராக அவற்றை ஒன்றோடொன்று மாட்டிவிடுகிறார்கள். சரளைக்கல் கிடையாது, வெறும் மண்தான். மேலே ஒரு காலி வண்டி நின்றது: நாலு சக்கரம், துருப்பிடித்த இரும்புச் சட்டம், சங்கிலிகள். வெட்டுபவர் குனிந்து அடியோடு ஒரு போடு, நிமிர்ந்து கொழுந்தில் ஒரு போடு, சோகையைக் கத்தியின் முதுகால் வழித்துவிட்டு வீசினார். அடுத்தவர் அள்ளித் தோளில் வைத்து வண்டியில் அடுக்கினார். அடுக்கு தலைக்கு மேல் உயர்ந்ததும் இருவர் சங்கிலியை இழுத்து இறுக்கினார்கள். இறுக்கும்போது கரும்பு நெறுநெறுவென்று முனகியது. வண்டியில் யார் நிலத்துக் கரும்பு என்பதற்கான சீட்டைச் சொருகினார்கள். பிறகு டிராக்டர் வந்து அதை மெல்ல மெயின் லைனுக்கு இழுத்தது. முன்பு காளை மாடுகள் செய்த வேலை அது. ஒரு சக்கரம் மூட்டில் தடுக்கி, முழு வண்டியும் ஒருபக்கம் சாய, மூன்று பேர் ஓடிவந்து கடப்பாரையால் நெம்பினார்கள். யாரும் பதறவில்லை. நாளைக்கு நாலு முறை நடக்கிற காரியம் போலிருக்கிறது.

வெட்டியவர்களில் பாதிப்பேர் இந்தியர், பாதிப்பேர் மலைக் கிராமங்களிலிருந்து வந்த பழங்குடி பிஜியர்கள். கிர்மிட் காலத்தில் கரும்புக் கத்தி பெரும்பாலும் இந்தியன் கையில்தான் இருந்தது. இப்போது இந்திய வீட்டுப் பிள்ளைகள் ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். வெட்ட ஆள் கிடைப்பதே பாடு.

நிலத்துக்காரர் பெரியவர், எண்பதை நெருங்கியிருப்பார். நான் தமிழ்நாடு என்று தெரிந்ததும் முகம் மாறியது. எங்கோ கிடந்த சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினார்.

"தம்பி, ஆஜா ஆர்க்காடு. கப்பல்ல வந்தாரு. ஊரு பேரு தெரியாது."

ஆஜா என்றால் இங்கே தாத்தா. சுவா ஆவணக் காப்பகத்தில் கப்பல் சீட்டுகள் இருக்கின்றன, மாவட்டம், தாலுகா, ஊர், தகப்பன் பெயர் வரை அதில் எழுதியிருப்பார்கள் என்று சொன்னேன். மகள் ஒருமுறை எடுத்துப் பார்த்ததாகச் சொன்னார். தெரிந்து என்ன செய்ய என்று விட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு இந்திக்கு மாறிவிட்டார். பேச்சும் ஆர்க்காட்டிலிருந்து வண்டி வாடகைக்கு மாறியது. அவருக்கு அதுதான் பேச வேண்டிய விஷயம்.

கணக்கு இதுதான். ரயிலில் போகிற கரும்புக்கு மெயின் லைனிலிருந்து ஆலை வரை ஆகும் செலவு ஆலையைச் சேர்ந்தது. லாரியில் ஏற்றினால் வாடகை விவசாயியைச் சேர்ந்தது. ஆலைக்குப் பக்கத்து நிலக்காரருக்கு லாரி தாங்கும். தூரத்துக்காரருக்கு டன்னுக்கு வருகிற பணத்தில் ஒரு துண்டு டீசலுக்கே போய்விடும். அப்படியும் இன்று பெரும்பகுதிக் கரும்பு லாரியில்தான் போகிறது. ஏனென்று கேட்டேன். வெள்ளத்தில் பாலம் போனால் சரிசெய்ய ஆண்டுக்கணக்காகிறது என்றார். கேட்ட எண்ணிக்கையில் வண்டி வருவதில்லை, வண்டி தடம் புரண்டால் பின்னால் இருக்கிற எல்லோருடைய கரும்பும் வெயிலில் காய்கிறது, போர்ட்டபிள் லைன் தூக்க ஆள் வேண்டும். லாரிக்காரன் போன் பண்ணினால் வயல் வரப்புக்கே வந்து நிற்கிறான்.

ராக்கிராக்கியில் இருந்த பெனாங் ஆலையை 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் நொறுக்கியது. அது திரும்பத் திறக்கவே இல்லை. அதன் பிறகு அந்தப் பக்கத்துக் கரும்பு லாரியில் ரராவாய்க்கு வரத் தொடங்கியது. ஆலை வாசல் லாரி வரிசையை நான் பார்த்தேன். டயருக்கு நிழலில் படுத்துத் தூங்கும் ஓட்டுநர்கள், மேலே காய்ந்துகொண்டிருக்கும் கரும்பு. அரவைப் பருவத்தில் விழுப்புரம் பக்கம் ஏதாவதொரு ஆலை வாசலில் நின்றிருந்தால் இதே காட்சி.

கரும்பே குறைந்துவிட்டது என்பது பெரிய கதை. 1969இல் பிரிட்டிஷ் நீதிபதி லார்ட் டென்னிங் வந்து விசாரித்து, வருமானத்தில் விவசாயிக்கு 65 பங்கு, ஆலைக்கு 35 என்று தீர்ப்பு எழுதினார். இது கட்டாது என்று சி.எஸ்.ஆர். மூட்டை கட்டியது. 1973இல் அரசின் பிஜி சுகர் கார்ப்பரேஷன் ஆலைகளையும் தடத்தையும் எடுத்துக்கொண்டது. 1994இல் 40 லட்சம் டன்னுக்கு மேல் கரும்பு அரைத்த நாடு இது. இப்போது அதில் பாதிகூட வருவதில்லை. நிலத்தில் பெரும்பகுதி பழங்குடி பிஜியர்களின் குலச் சொத்து. முப்பது வருடக் குத்தகைகள் 1997இலிருந்து முடியத் தொடங்கின. பல புதுப்பிக்கப்படவில்லை. இதோடு 1987, 2000 ஆட்சிக் கவிழ்ப்புகள். ஐரோப்பா கொடுத்துவந்த சலுகை விலையும் போய்விட்டது. நிலம் திரும்பக் கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் நிலம். மூன்று தலைமுறை உழுதுவிட்டுத் தகரக் கூரையைக் கழற்றிக்கொண்டு போனவர்களின் வயிற்றெரிச்சலும் பொய்யில்லை.

இந்தத் தடத்தைப் பழமைக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த உருக்கம் ஒட்டவில்லை. இதை ஓட்ட வேண்டியதற்கான காரணம் அந்தப் பெரியவரின் பத்து ஏக்கர்தான். ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கும் இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கும் ஒரே செலவு என்று ஆக்கியது இந்த ஒல்லித் தடம் ஒன்றுதான். கம்பெனி அதை அன்பினால் செய்யவில்லை. கரும்பு தன் ஆலைக்கு வந்தால் போதும் என்று செய்தது. செய்த பலன் குடியானவனுக்கும் வந்தது. லாரி அந்தச் செலவை ஓசையில்லாமல் குடியானவன் பக்கம் நகர்த்திவிட்டது.

மாலை நாலு மணிக்கு எஞ்சின் வந்தது. மெயின் லைனில் சேர்த்து வைத்திருந்த வண்டிகளைக் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு, பதிலுக்குச் சில காலி வண்டிகளை விட்டுவிட்டுப் போனது. வெட்டுக் கூட்டத்தின் தலைவரை இன்னும் சர்தார் என்றுதான் அழைக்கிறார்கள். அவர் காலி வண்டிகளை எண்ணினார், மறுபடியும் எண்ணினார், பிறகு போனை எடுத்து ஆலை ஆபீசுக்கு அடித்தார். நாளைக்கு இருபது கேட்டேன், ஒன்பதுதான் வந்திருக்கிறது, மீதியை நான் தலையில் தூக்கிக்கொண்டு வரவா என்று இந்தியில் கத்தினார். எதிர்முனையில் ஏதோ சமாதானம். பெரியவர் வரப்பில் உட்கார்ந்து நங்கோனா (காவா) கரைத்த கொட்டாங்கச்சியை என்னிடம் நீட்டினார். பின்னால் வந்து நின்ற லாரிக்காரர் இறங்கி, "பதினொன்றுதானே, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று தன் விலையைச் சொன்னார். சர்தார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவரைப் பார்த்து, கொஞ்சம் குறைத்துச் சொல்லும்படி கையைக் காட்டினார்.